மருந்து ஏறாத உடம்பு

அவர் அந்த ஹாலுக்குள் வந்த வியாழக்கிழமை சாயங்காலம் மழை விட்டிருந்தது. ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து வல்லக்கோட்டைக்குப் போகிற வழியில், ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் எங்கள் கூட்டம் நடக்கும். கீழே கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பிகள் அதிரும். பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே படிக்கட்டில் யாரோ ஷூவைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. ஒரே கையால் கழற்றுகிறவருக்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. வாசலில் வந்து நின்றவரின் நெற்றியில் விபூதி இருந்தது. வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. அவர் அந்தக் கையை வெளியே எடுப்பதற்கு முன்பே யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் உள்ளங்கால் சில்லென்று ஆனது.

அவருக்கும் என்னைத் தெரிந்தது. ஆனால் அவர் முகம் மலர்ந்துபோனது.

"சிஸ்டர், நீங்களா? நீங்க இங்க இன்னா பண்றீங்க?" என்றவர், நான் பதில் சொல்வதற்குள் சுற்றியிருந்தவர்களிடம் திரும்பினார். "இவங்க யார் தெரியுமா? எனக்கு அடிபட்ட அன்னிக்கி ஆம்புலன்ஸ்ல ஆஸ்பத்திரி வரைக்கும் என் கைய புடிச்சிகினே வந்தவங்க. பெத்த தாய் கூட அப்படி உக்காந்திருக்க மாட்டா."

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் எனக்கு நேர் எதிரே காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எல்லா வாரமும் அவருக்கு அதே நாற்காலிதான்.

நான் தூத்துக்குடிப் பக்கம். அப்பா எங்கள் ஊர்ச் சபையில் மணியடித்து, பாய் விரித்து, காணிக்கைப் பை தூக்கும் கோயில்பிள்ளை. நர்சிங் முடித்ததும் ஊரில் இருந்து நாலைந்து பெண்களோடு வண்டியேறி வந்தவள். குன்றத்தூரில் ஒரு வாடகை அறையில் தங்கி, ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் வேலை பார்த்தேன். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் நான்தான். தலைவலி, வயிற்றுவலி, தகடு கிழித்த விரல், வெல்டிங் பொறி பட்ட கண். அந்த அறையின் மூலையில் ஒரு சின்ன அலமாரி உண்டு. அதன் சாவி என் இடுப்பில் இருக்கும். வலி பொறுக்க முடியாதவர்களுக்குப் போடுகிற ஊசி மருந்து அதற்குள் இருந்தது.

ஒரு நாள் ஸ்கூட்டியில் வரும்போது மணல் லாரிக்கு ஒதுங்கி விழுந்தேன். இடுப்பில் அடி. பத்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பத்தாவது நாள் இடுப்பு சரியாகிவிட்டது. பதினோராவது நாள் உடம்பு வேறு எதையோ கேட்டது. அது எப்படிப்பட்ட கேள்வி என்று அதைக் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கேட்காதவர்களுக்கு விளக்கினாலும் புரியாது. மாத்திரையில் ஆரம்பித்தது நாலு மாதத்தில் அலமாரிக்குள் போய் நின்றது. யாருக்கோ போட்டதாக ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு, டாய்லெட்டுக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வேன். வெளியே வரும்போது எல்லாரிடமும் அன்பாக இருப்பேன். அந்த நாட்களில் என்னை நல்ல சிஸ்டர் என்று எல்லாரும் சொன்னார்கள்.

அவருக்கு அடிபட்டது ஒரு மதியம், ஷிப்ட் மாறுகிற நேரத்தில். பிரஸ் ஷாப்பிலிருந்து நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். வடக்குப்பட்டுக்காரர், நாற்பது வயதைத் தாண்டியவர். லைனில் எல்லாருக்கும் அவர் 'அண்ணன்'தான். கையைச் சுற்றிக் கட்டியிருந்த துணி கனமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. நடுவிரலும் மோதிரவிரலும் இருந்த இடத்தைப் பார்த்ததும் எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தது. ரத்தத்தை நிறுத்தினேன். கட்டுப் போட்டேன். போனில் டாக்டர், வலிக்கு ஊசி போட்டு உடனே அனுப்பு என்றார்.

அலமாரியைத் திறந்தேன். ரிஜிஸ்டர்படி ஒன்று இருக்க வேண்டும். அது இல்லை. அந்தக் கடைசி ஒன்றை அன்று காலையில்தான் நான் எடுத்திருந்தேன், ரிஜிஸ்டரில் இன்னும் எழுதவில்லை.

சூப்பர்வைசர் கதவருகே நின்றிருந்தார். சேஃப்டி ஆபீசர் என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். மருந்து இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் கிடைத்தது. அந்த ஒரு நிமிடத்தை நான் எத்தனையோ முறை திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறேன். சொல்லியிருந்தால் பக்கத்துக் கம்பெனியிலிருந்து பத்து நிமிடத்தில் வாங்கியிருக்கலாம். நான் சொல்லவில்லை. மருந்துப் பொடியைக் கரைக்க வைத்திருக்கும் சுத்தமான தண்ணீர்க் குப்பி ஒன்றை எடுத்து, எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு உடைத்து, ஊசியில் ஏற்றி, அவருக்குப் போட்டேன்.

ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். அன்று சாலையில் நெரிசல். ஆஸ்பத்திரி போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. வழியெல்லாம் அவர் அடிபடாத கையால் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "சிஸ்டர், இன்னும் ஏறலியா?" என்று கேட்டார். "இப்ப ஏறிரும்ணே" என்றேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். கடைசியில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டுக் கத்த ஆரம்பித்தார். நான் கையை விடவில்லை. விட்டிருந்தால் என் கை நடுங்குவதை அவர் பார்த்திருப்பார்.

ஒரு மாதத்தில் அந்த வேலையை விட்டேன். யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் கடைசி ஊசியை அவர் பேரில் எழுதியதால் ரிஜிஸ்டரில் கணக்கு நேராக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் எப்படி இருந்தேன் என்பது என் நினைவில் சரியாக இல்லை. அறைத்தோழிகள் பாத்ரூம் கதவை உடைத்து என்னைத் தூக்கிப் போனதும், போதை மறக்க வைக்கும் வார்டில் மூன்று வாரம் கிடந்ததும் நினைவிருக்கிறது. அங்கே பக்கத்துப் படுக்கைக்காரியின் அம்மாதான் இந்த மாடிக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள்.

கூட்டத்தை நடத்தியவரை எல்லாரும் பாஸ்டரம்மா என்பார்கள். ஐம்பது வயது, கனத்த உடம்பு, மூக்கின் நுனிக்கு இறங்கிய கண்ணாடி. அவருடைய கணவர் அந்தப் பக்கத்தில் ஊழியம் செய்தவர். குடித்துக் குடித்து ஈரல் போய் இறந்தவர். சபையார் யாருக்கும் தெரியாமல் பதினைந்து வருடம் அதை மறைத்து வைத்திருந்ததாகவும், மறைத்ததில் பாதி தன் வேலை என்றும் அவரே முதல் நாளில் என்னிடம் சொன்னார். வேதம் வாசிப்பார், ஒரு சின்ன ஜெபம் செய்வார், பிறகு ஒவ்வொருவராகப் பேச வேண்டும். பேசுகிறவருக்கு யாரும் புத்தி சொல்லக் கூடாது. யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய் ஃபேனை நிறுத்துவார். ஃபேன் ஓடினால் மெல்லச் சொல்கிற வார்த்தை கேட்காது என்பார். வேர்வை வழிய உட்கார்ந்து நாங்கள் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்போம். ஒரு லாரி டிரைவர், ஒரு ரிட்டயர்டு வாத்தியார், ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வருகிற இரண்டு மூன்று பேர். வருகிறவர்களில் பாதிப் பேர் இந்துக்கள். விபூதியோடு வந்தவரை பாஸ்டரம்மா அதை அழிக்கச் சொன்னதில்லை.

அவர் வந்தபோது நான் அந்தக் கூட்டத்துக்கு வரத் தொடங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது. மாத்திரையைச் சொல்லியிருந்தேன். ஊசியைச் சொல்லியிருந்தேன். அலமாரியிலிருந்து எடுத்ததைக்கூட அழுதுகொண்டே சொல்லியிருந்தேன். எல்லாரும் கேட்டார்கள், ஜெபித்தார்கள், எனக்கு மனசு லேசானது போல இருந்தது. தண்ணீரை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமலேயே குணமாகிவிடலாம் என்று நம்பியிருந்தேன்.

அந்தத் தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாத அந்த மனிதர் இப்போது எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, என்னை வாரந்தோறும் புகழ்ந்தார்.

அவர் குடிக்க ஆரம்பித்தது அடிபட்ட பிறகுதான். கம்பெனியில் வாட்ச்மேன் வேலை போட்டுக் கொடுத்திருந்தார்கள். குடித்துவிட்டு வந்ததால் அதுவும் போயிருந்தது. மனைவி பிள்ளைகளோடு தன் தாய்வீட்டுக்குப் போயிருந்தார். இதையெல்லாம் சாதாரணமாகச் சொல்வார். ஆனால் அடிபட்ட நாளைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். முதல் வாரம் மெஷினைப் பற்றிச் சொன்னார். அடுத்த வாரம் தூக்கிக்கொண்டு ஓடியவர்களைப் பற்றி. மூன்றாவது வாரம் முதலுதவி அறைக்குள் வந்தார். ஒவ்வொரு வாரமும் அவர் அந்த நாளுக்குள் இன்னும் நாலு அடி நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். புதன்கிழமையே எனக்குச் சாப்பாடு இறங்காது. போகாமல் இருந்துவிடலாம் என்று நினைப்பேன். போகாவிட்டால் அவர் என்ன சொல்கிறார் என்று தெரியாமல் போய்விடுமே என்ற பயத்தில் போவேன்.

நாலாவது வாரம் அவர் ஊசியைச் சொன்னார்.

"சிஸ்டரு நல்லாத்தான் போட்டாங்க. நான் பாத்துகினுதான் இருந்தேன். ஆனா ஏறல. எல்லாருக்கும் ஏறுற மருந்து எனக்கு ஏறல. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. கம்பெனி வரசொல்ல எங்க நெலத்துல சாமின்னு கும்புட்ட கன்னிமார் கல்லு ஏழு இருந்துச்சு. புல்டோசர் வர்றதுக்கு முன்னாடி நான்தான் பேத்து கெணத்துல போட்டேன். வேற யாருக்கும் தைரியம் இல்ல. அதுங்க பாத்துகினே இருந்துட்டு, அன்னிக்கி மருந்த நிறுத்திடுச்சுங்க. இது மருந்து ஏறாத ஒடம்பு. சாராயம் ஒண்ணுதான் ஏறுது."

ஃபேன் நின்றிருந்தது.   பாஸ்டரம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். என்னிடம் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்கிற பார்வை. எனக்கு அன்று பேச முறை வந்தபோது, இந்த வாரம் நன்றாக இருந்தேன் என்று சொல்லி முடித்துவிட்டேன்.

அவர் குடியை நிறுத்தி ஏழு வாரம் ஆனபோது கை நாற ஆரம்பித்தது. துண்டான இடத்தில் தோலுக்கு அடியில் எலும்பு சீழ் பிடித்திருந்தது. குடித்துக்கொண்டிருந்த நாளெல்லாம் வலி தெரியாமல் இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடனே திறந்து கெட்ட எலும்பை வெட்ட வேண்டும், தள்ளிப்போட்டால் மணிக்கட்டு வரை போய்விடும், அதற்கு மேலும் போகலாம் என்றார்கள். அவர் முடியாது என்று வந்துவிட்டார். மயக்க ஊசி தனக்கு ஏறாது, முழித்துக்கொண்டே அறுபட முடியாது என்றார். டாக்டர் எடுத்துச் சொல்லியிருக்கிறார், அவருடைய அண்ணன் சண்டை போட்டிருக்கிறார். அவர் யார் சொன்னதையும் காதில் வாங்கவில்லை.

"போனா போட்டும் சிஸ்டர். இனிமே அந்த வலிய நான் ஒரு தபா கூட தாங்க மாட்டேன்" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். எனக்குப் புரியும் என்று நினைத்துச் சொன்னார். கட்டுக்குள்ளிருந்து வந்த வாடை நான் வார்டுகளில் முகர்ந்த வாடைதான். எவ்வளவு நாள் மிச்சம் இருக்கிறது என்பதை அந்த வாடை நர்ஸுக்குச் சொல்லிவிடும்.

அன்று கூட்டம் முடிந்து எல்லாரும் இறங்கிய பிறகு, படிக்கட்டில் பாஸ்டரம்மாவை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கடைசிவரை கேட்டார். என் தோளைத் தொடவில்லை. ஜெபிக்கலாம் என்று சொல்லவில்லை.

"என்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது?" என்றார். "ஊசி எனக்கா போட்ட?"

"அவர் என்னைக் கொன்னுருவாரும்மா."

"பண்ணலாம். அவர் இன்னா பண்ணுவாருன்னு எனக்குத் தெரியாது. நான் பக்கத்துல நிக்கிறேன். ஆனா நீ சொல்லாம இருக்க முடியாதும்மா. கைக்கு அப்புறம் அந்த ஆள் உசுரும் போவும். அப்பயும் நீ இங்க வந்து உக்காந்து, நல்லா இருக்கேன்னு சொல்லுவ."

அடுத்த வியாழக்கிழமை வரை பொறுக்க முடியாது என்று பாஸ்டரம்மாவே தீர்மானித்து, எல்லாருக்கும் போன் செய்து மறுநாள் சாயங்காலமே கூட்டம் வைத்தார். எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை. நான் போனபோது வடக்குப்பட்டுக்காரர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையை மடியில் ஒரு குழந்தையைப் போல வைத்திருந்தார். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. பாஸ்டரம்மா எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார்.

நான் எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. சுற்றி வளைக்க வேண்டாம் என்று பாஸ்டரம்மா சொல்லியிருந்தார். "அண்ணே, ஒங்க ஒடம்புல மருந்து ஏறும். அன்னைக்கு நான் ஒங்களுக்கு மருந்து போடல" என்றேன்.

அவர் விளங்காமல் பார்த்தார். "இல்ல சிஸ்டர், போட்டீங்களே."

"அது தண்ணிண்ணே. மருந்த நான் எடுத்துட்டேன். காலையிலேயே எனக்கு நானே போட்டுக்கிட்டேன். அலமாரில ஒண்ணும் இல்ல. மாட்டிக்கிடுவேன்னு பயந்து தண்ணிய ஏத்திப் போட்டேன்."

"தண்ணியா?"

"ஆமாண்ணே."

"வெறுந்தண்ணி?"

"வெறுந்தண்ணிதாண்ணே."

ஒரு லாரி போய் ஜன்னல் கம்பிகள் அதிர்ந்து அடங்கின. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடுகள் அசைந்தன. ஆம்புலன்ஸில் எத்தனை முறை கேட்டோம் என்று நினைத்துப் பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது. பிறகு எழுந்தார். டிரைவர் சட்டென்று எழுந்து எங்கள் இருவருக்கும் நடுவே வந்து நின்றார். அவர் டிரைவரைத் தாண்டி ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. வாசலுக்குப் போனார், ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு படியிறங்கிப் போனார்.  கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் சனிக்கிழமை. காலை பத்து மணிக்குத் துணி காயப்போட மாடிக்குப் போனேன். எங்கள் தெருமுனையில், எதிர்ப்புறம், ஒரு மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. ஓட்டிவந்த ஆள் யாரென்று தெரியவில்லை, அவருடைய அண்ணனாக இருக்கலாம். பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்த பிறகும் பார்வையைத் திருப்பவில்லை. நான் கீழே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அறைத்தோழிகள் இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். பாஸ்டரம்மாவுக்குப் போன் செய்யலாம் என்று எடுத்து, என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்தேன். அவர் வண்டியை விட்டு இறங்கி வந்து கதவைத் தட்டினால் திறப்பது என்று முடிவு செய்தேன். பன்னிரண்டு மணிக்கு எட்டிப் பார்த்தபோதும் வண்டி அங்கேயே நின்றது. ஒரு மணிக்குப் பார்த்தபோது இல்லை.

அன்று சாயங்காலம்தான், நிறுத்திய பிறகு முதல் முறையாக, தெருமுனை மருந்துக்கடை வரைக்கும் போனேன். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தேன். எப்படித் திரும்பினேன் என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கர்த்தர் திருப்பினார் என்று கூட்டத்தில் சொன்னேன். அதை நம்புகிறேன். பயம் திருப்பியிருக்கலாம் என்பதையும் மறுக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாஸ்டரம்மா கூப்பிட்டார். அவர் ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டார் என்றார். ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "அந்தப் பொண்ணு வரணும். எனக்குப் போடுற ஒவ்வொரு ஊசியையும் அதுதான் பாத்து, படிச்சு, மருந்துதான்னு சொல்லணும்" என்றாராம்.

"ஏன் நான்? வேற யாரு படிச்சாலும் ஒண்ணுதானம்மா?"

"கேட்டேன். பொய் சொன்ன வாயி அதுதானே, அதுவே சொல்லட்டும்னாரு."

திங்கட்கிழமை காலையில் போனோம். ஆபரேஷன் தியேட்டருக்குள் என்னை விடமாட்டார்கள். கையை மரத்துப்போக வைக்கும் ஊசியை வெளியே கொண்டுவந்து காட்டச் சொல்லி அவர் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி பிடிவாதம் பிடித்தார். மயக்க மருந்து டாக்டர் முதலில் கோபப்பட்டு, பிறகு பாஸ்டரம்மா ஏதோ சொன்னதும் குப்பியைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். பெயரைப் படித்தேன். அது என்ன செய்யும், எவ்வளவு நேரத்தில் மரத்துப்போகும் என்று சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். உள்ளே கொண்டு போனார்கள். ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்தபோது முழித்துக்கொண்டுதான் இருந்தார். தன் கையையே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மதியம் மூன்று மணிக்கு மரப்பு விட்டது. வலி ஏறத் தொடங்கியதும் அவர் முகம் ஆம்புலன்ஸில் பார்த்த முகமாக மாறிக்கொண்டே வந்தது. வார்டு சிஸ்டர் ஒரு சின்னத் தட்டில் ஊசியும் குப்பியும் கொண்டுவந்தார். எனக்குத் தூரத்திலேயே தெரிந்தது, அது அதே மருந்து. வார்டு சிஸ்டருக்கு நாலு படுக்கை தள்ளி வேறு அவசரம். "நீங்களும் நர்சாமே, பாத்துச் சொல்லுங்க" என்று குப்பியை என் கையில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினார்.

எட்டு மாதத்துக்குப் பிறகு அது என் உள்ளங்கையில் இருந்தது. சின்னக் கண்ணாடி, குளிர்ச்சி. என் வாய் ஊறியது. இதை நான் வெட்கப்படாமல் எழுத முயல்கிறேன். எனக்கு முன்னால் அறுபட்ட கையோடு ஒருவர் துடித்துக்கொண்டிருக்க, என் மனசு அந்த வார்டின் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டது.  பாஸ்டரம்மா என் பின்னால் நின்றிருந்தார் என்று தெரியும். அவர் கையை நீட்டவில்லை.

மருந்தின் பெயரைப் படித்தேன். அளவைப் படித்தேன். தேதியைப் படித்தேன். குரல் எங்கேயோ கேட்டது. "மருந்துதாண்ணே" என்றேன்.

அவர் வலியோடு என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை நடுங்குது" என்றார்.

"ஆமாண்ணே."

"இன்னும் வேணும்னு தோணுதா?"

"ஆமாண்ணே."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். "படிச்சாச்சில்ல. அவங்ககிட்ட குடுத்துடு" என்றார்.

கொடுத்தேன். வார்டு சிஸ்டர் ஊசி போட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று காத்திருந்தோம். பத்து நிமிடம் போனது. அவருடைய தோள் முதலில் இறங்கியது, பிறகு தாடை. புருவம் பிரிந்தது. கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கமாக வழிந்தது. "ஏறுது" என்றார், யாரிடமும் இல்லாமல். தூங்கிப்போனார். நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாஸ்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து சுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். பாஸ்டரம்மா அழுததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

மூன்று நாள் போனேன். ஒன்பது ஊசிகளைப் படித்தேன். அதற்கப்புறம் பழைய கம்பெனிக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். நர்ஸ் வேலையை விட்டேன். இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். அட்டைப்பெட்டியும் டேப்பும்தான். அங்கே என் இடுப்பில் சாவி கிடையாது. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னோடு பேச ஆறு மாதம் ஆனது.

அந்த வடக்குப்பட்டு அண்ணன் என்மேல் கேஸ் போடலாம். வக்கீலைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். இன்றுவரை போடவில்லை, போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. தபால்காரர் தெருவில் வரும்போது எனக்கு இப்போதும் மூச்சு நின்று வரும். மன்னித்தேன் என்று அவர் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற பொருளாக அது எனக்குத் தோன்றவில்லை. சிஸ்டர் என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார். நடுவில் இரண்டு முறை குடித்தார், இரண்டு முறையும் திரும்ப வந்தார். மனைவி வந்துவிட்டார். வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போய்விட்டு விபூதியோடு அதே நாற்காலியில் வந்து உட்காருகிறார்.

அவர் என்னிடம் செய்வது ஒன்றுதான். கூட்டத்தில் யாரும் யாரையும் கேள்வி கேட்கக் கூடாது. ஆனால் என் முறை வரும்போது அவர் கேட்பார். பாஸ்டரம்மா தடுப்பதில்லை. "இந்த வாரம் எதாச்சும் தொட்டியா?" என்பார். "இல்லண்ணே" என்பேன். என் முகத்தையும் கைகளையும் பார்ப்பார். பிறகு அடுத்தவர் பேசலாம் என்று தலையை அசைப்பார். மூன்று வருடத்துக்கு மேலாக ஒரு வாரம்கூட விட்டதில்லை. அந்தக் கேள்வி வரும்வரை மற்றவர்கள் சொல்வது எதுவும் என் காதில் விழாது. அது வராத வாரம் ஒன்று இருந்தால் நான் என்ன ஆவேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

போன வியாழக்கிழமையும் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தொடலண்ணே. ஆனா செவ்வாக்கிழமை பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துல இருக்கிற மெடிக்கல் ஷாப்பு வாசல்ல பத்து நிமிசம் நின்னேன். உள்ள போகல" என்றேன்.

"எந்தக் கடை?"

சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்து யோசித்தார்.

"நாளைலேர்ந்து அந்த ஸ்டாப்புல நிக்காத" என்றார். "குன்றத்தூருக்கு வேற பஸ் கீது. ஒரு பத்து நிமிசம் சுத்திகினு போவும். அதுல போ."

அந்த பஸ்ஸில்தான் இப்போது போகிறேன்.